ஏரி வேலையும் ஆயக்கட்டுக் கூட்டமும்

வேளாண்மைக்கு நீர் முதலென்பதும், ஆற்றுப் பாய்ச்சல் இல்லாத ஊர்களில் நீருக்கு ஏரி முதலென்பதும் யாவரும் அறிந்த விஷயங்கள். ஏரிக்கு முதலாவது எது என்று கேட்டால், ஊராரின் ஒற்றுமை என்று எல்லாரும் ஒரே குரலாய்ச் சொல்லுவார்கள். ஆனால் ஒற்றுமை யென்பது தானே விளையும் பயிரன்று. குறித்த ஒரு நாளில், குறித்த ஓரிடத்தில், உரிய மனிதர்கள் கூடியிருந்து, உரிய விஷயங்களை முறையாய்ப் பேசி, பேசியதை எழுதிக் கையொப்பமிடும்போதுதான் அது உண்டாகிறது. இதற்கே ஆயக்கட்டுக் கூட்டம் என்று பெயர். அக்கூட்டத்தை எவ்வாறு நடத்தினால் வேலை நடக்கும், எவ்வாறு நடத்தினால் வீண் பேச்சாய் முடியும் என்பதைப்பற்றி நமது அபிப்பிராயத்தை இங்கே வெளியிட விரும்புகிறோம்.

தமிழ்நாட்டில் 39,000-க்கு மேற்பட்ட ஏரிகள் இருக்கின்றன. 40 ஹெக்டேரும் (ஏறக்குறைய 100 ஏக்கர்) அதற்கு மேலும் ஆயக்கட்டுள்ள ஏரிகள் நீர்வள இலாகாவின் பொறுப்பிலும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பிலும் இருந்துவருகின்றன. ஏரிகள் கெடுவதற்குப் பணக்குறைவே காரணமென்று சாதாரணமாய்ச் சொல்லப்படுகிறது. பணக்குறைவு மெய்தான். ஆயினும் பணம் வந்து, கரை பலப்படுத்தப்பட்டு, மதகு புதுப்பிக்கப்பட்ட ஊர்களிலும் மூன்றாம் வருஷத்தில் வாய்க்கால் தூர்ந்து, கடைமடை தரிசாய்க் கிடப்பதைக் காண்கிறோம். இதற்குக் காரணம் பணமன்று. எந்த வேலை முதலில் நடக்கவேண்டும், அதை யார் செய்யவேண்டும், செய்தபின் யார் காப்பாற்றவேண்டும் என்பதை வேலைக்கு முன்னே ஊரார் கூடி முடிவு செய்யாமையே காரணம்.

பழைய ஏற்பாடுகள்

நம் முன்னோர்கள் இவ்விஷயத்தில் அசிரத்தையாய் இருந்தவர்களல்லர். உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921-ஆம் வருஷங்களில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுக்கள் அந்தச் சபையின் ஏற்பாடுகளை விவரமாய்த் தெரிவிக்கின்றன. அங்கே ஏரி வாரியம் என்று தனியே ஒரு வாரியம் இருந்தது. அதன் அங்கத்தினர்கள் குடவோலை முறையில் வருஷந்தோறும் எடுக்கப்பட்டார்கள். முன்னே வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாமற் போனவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் பிறகு வாரியத்திற்கு வரத் தகுதியற்றவர்களென்று விதிக்கப்பட்டிருந்தது. அந்தச் சபை நிலமுடைய பிராமணர்களுக்கு மட்டுமே உரியதாயிருந்தது. அந்த எல்லைக்கட்டு நமக்கு வேண்டியதில்லை. ஆனால் கணக்குக் காட்டாதவனுக்குப் பொறுப்பில்லை என்ற அவ்விதி ஆயிரம் வருஷங்களுக்குப் பின்னும் தள்ளத்தக்கதன்று.

பிற்காலத்தில் குடிமராமத்து என்ற வழக்கம் தளர்ந்தபோது, அதைச் சட்டத்தால் நிலைநிறுத்த எண்ணி, 1858-ஆம் வருஷத்தில் சென்னை மாகாணத்தில் கட்டாய வேலைச் சட்டம் செய்யப்பட்டது. கட்டாயத்தால் மனம் சேரவில்லை. வழக்கம் மேலும் தளர்ந்தே போயிற்று. நம் காலத்தில், 2000-ஆம் வருஷத்து விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம் நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கு இடங்கொடுத்தது. 2017-இல் சர்க்கார் குடிமராமத்து என்ற பெயராலேயே 100 கோடி ரூபாயில் 1,519 வேலைகளைத் தொடங்கியபோது, செலவில் பத்தில் ஒரு பங்கை ஆயக்கட்டுதாரர்கள் பணமாகவோ உழைப்பாகவோ பொருளாகவோ தரவேண்டுமென்று ஏற்பாடு செய்யப்பட்டது. சட்டமும் பணமும் வந்த பின்னும் ஒன்று மீதியிருக்கிறது. அந்தப் பத்தில் ஒரு பங்கை இன்னார் இவ்வளவு என்று பகிர்ந்துகொள்ளும் வேலையைச் சட்டம் செய்யாது, கூட்டந்தான் செய்யவேண்டும்.

கூட்டத்திற்கு முன்னே செய்யவேண்டியது

கூட்டம் நடக்கும் நாளிலேதான் கூட்டத்தின் வேலை தொடங்குகிறதென்று எண்ணுவது பெருந்தவறு. கூட்டம் பயன்படுமா படாதா என்பது அதற்கு முந்திய பத்து நாட்களிலேயே தீர்ந்துவிடுகிறது.

முதலாவது, காலம். சம்பா அறுவடை தை மாதத்தில் முடிந்து, களத்து வேலை ஒழிந்தபின், மாசி மாதக் கடைசியிலோ பங்குனி முதலிலோ கூட்டம் கூடவேண்டும். ஏரி வற்றி வேலைக்கு இடங்கொடுப்பது சித்திரை முதல் ஆடி வரையிலான காலம். ஆவணியிற் கூடி ஐப்பசி மழைக்குள் வேலையை முடித்துவிடலாமென்பது நடவாத காரியம். வெள்ளம் வருமுன் அணை போடவேண்டுமென்ற பழமொழியில் 'முன்' என்ற சொல்லுக்கே முழு மதிப்பும் இருக்கிறது.

இரண்டாவது, ஏரியைப் பார்த்தல். கூட்டத்திற்கு ஒரு வாரம் முன்னதாக ஐந்தாறு பேர் வரத்துக்கால் தலைப்பிலிருந்து கடைமடை வயல் வரையில் நடந்து பார்க்கவேண்டும். அவர்களுள் தலைமடைக்காரர் ஒருவர், நடுமடைக்காரர் ஒருவர், கடைமடைக்காரர் ஒருவர், நீர் பாய்ச்சும் நீர்க்கட்டி, கிராம நிர்வாக அலுவலர் ஆகியோர் இருப்பது அவசியம். கரையில் எங்கே கசிவு, எங்கே வேர் பிடித்த மரம், கலிங்கலில் எந்தக் கல் பெயர்ந்திருக்கிறது, மதகுப் பலகை இறங்குகிறதா, வாய்க்கால் எத்தனை மீட்டர் தூர்ந்திருக்கிறது என்பவற்றைக் கண்ணால் கண்டு, அளந்து, குறித்துக்கொள்ளவேண்டும். காணாமற் பேசுவோர் கூட்டத்தில் சண்டை விளைகிறது. கண்டு பேசுவோர் கூட்டத்தில் கணக்கு விளைகிறது.

மூன்றாவது, கணக்குப் புத்தகங்கள். கிராம நிர்வாக அலுவலர் 'அ' பதிவேட்டையும், அடங்கலையும், கிராம வரைபடத்தையும் கூட்டத்திற்குக் கொண்டுவரவேண்டும். ஆயக்கட்டு எத்தனை ஏக்கர், யாருக்கு எவ்வளவு என்பது மேஜையின்மேல் இருக்குமானால், பாதி வாதம் எழாமலே அடங்கிவிடும். ஏரி எந்த இலாகாவின் பொறுப்பிலுள்ளதோ அதன் உதவிப் பொறியாளருக்கும் முன்னதாகவே எழுதி, பார்வையிட்ட குறிப்பின் நகலொன்றை அனுப்பிவைத்தால், அவர் வரும்போது விடையோடு வருவார்.

நான்காவது, அழைப்பு. ஊராட்சி மன்றப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டிவிட்டு அழைத்தாயிற்று என்று சொல்வது போதாது. ஒரு வாரம் முன்னதாகத் தண்டோராப் போட்டு, நாள், நேரம், இடம், பேசவேண்டிய விஷயங்கள் ஆகியவற்றை அறிவிக்கவேண்டும். நம் நாட்டு ஏரிகள் பெரும்பாலும் சங்கிலிபோல் தொடர்ந்தவை; மேலூர் ஏரியின் மறுகால் கீழூர் ஏரிக்கு வரத்தாகிறது. ஆதலால் மேலூராரிலும் கீழூராரிலும் இரண்டிரண்டு பேரை அழைப்பது மரியாதை மட்டுமன்று, வேலைக்கு அவசியமுமாகும்.

இடமும் மனிதரும்

கூட்டத்தை எங்கே கூட்டுவது என்பது சிறிய விஷயமன்று. ஒருவர் வீட்டுத் திண்ணையிற் கூடினால் அவருக்கு ஆகாதவர் வரமாட்டார். ஏரிக்கரை ஆலமரத்தடியே உத்தமமான இடம். அங்கே ஒருவர் கரை பலமாய்த்தான் இருக்கிறது என்று சொன்னால், மற்றவர் கையை நீட்டிக் காட்டிவிடலாம்.

தீர்மானத்தில் வாக்களிக்கும் உரிமை சட்டப்படி யாருக்கு உண்டோ அவர்களுக்கே உரியது. ஆனால் சொல்லைக் கேட்பதற்கு அவ்வித எல்லை வேண்டியதில்லை. குத்தகைக்கு உழுகிறவர், ஏரி உள்வாயில் ஆடு மாடு மேய்க்கிறவர், மீன் குத்தகை எடுத்தவர், நடவுக்கும் களைக்கும் செல்லும் பெண்மக்கள் ஆகிய இவர்களுக்கு ஏரியைப்பற்றித் தெரிந்த விஷயங்கள் சில, பட்டாதாரருக்குத் தெரியா. வெளியூரில் உத்தியோகத்திலிருக்கும் பட்டாதாரரைவிட அவர் நிலத்தை உழும் குத்தகைதாரர் மதகின் நிலைமையை நன்கறிவார். மேலும், கூட்டத்தில் கேட்கப்படாதவர் வேலையில் தடையாய் நிற்பதும் உண்டு.

அக்கிராசனம் வகிப்பவர் ஊரில் பெரிய நிலக்காரராய்த்தான் இருக்கவேண்டுமென்பதில்லை. பேச்சை அளவில் நிறுத்தவும், பேசாதவரைப் பேசவைக்கவும், தம் அபிப்பிராயத்தைக் கடைசியிற் சொல்லவும் கூடியவராய் இருத்தலே முக்கியம். அக்கிராசனர் முதலிலேயே தம் கருத்தைச் சொல்லிவிட்டால், மற்றவர்கள் ஆமாம் என்று சொல்லிவிட்டு வீட்டில் போய் வேறு பேசுவார்கள்.

கடைமடைக்காரர் முதலிற் பேசட்டும்

இக்கட்டுரையில் நாம் வற்புறுத்த விரும்பும் முக்கிய விஷயம் இதுவே. நம் கூட்டங்களில் முதலிற் பேசுவோர் வழக்கமாய்த் தலைமடைக்காரர்களும் பெரிய பட்டாதாரர்களுமே. அவர்கள் வயலுக்கு மதகு திறந்தவுடன் நீர் வந்துவிடுகிறது. வாய்க்கால் தூர்ந்தால் அவர்களுக்குக் குறைவில்லை. சில வேளை லாபமும் உண்டு. ஏரியின் உண்மையான நிலை கடைமடை வயலிலேதான் எழுதப்பட்டிருக்கிறது. அங்கே நீர் எட்டினால் வரத்து, கரை, மதகு, வாய்க்கால் அனைத்தும் சரியென்று அர்த்தம். எட்டவில்லையாயின், எங்கோ பழுதென்று அர்த்தம். ஆகையால் நாடி பார்ப்பதுபோல, முதலில் கடைமடைக்காரரைக் கேட்பதே அறிவுடைமை.

இதற்குத் தலைமடைக்காரர்கள் ஓர் ஆட்சேபணை கூறுவர்: "எங்கள் வயலுக்குக் கீழேயுள்ள வாய்க்காலுக்கு நாங்கள் ஏன் ஆள் தரவேண்டும்?" என்பர். கேள்வி நியாயமானதாய்த் தோன்றினும் விடை எளிது. கரை உடைந்தால் முதலில் மூழ்குவது கரையடியிலுள்ள தலைமடை வயலே. நள்ளிரவில் மழை கொட்டும்போது மண் மூட்டையோடு கரைக்கு ஓடிவர ஆள் வேண்டும். ஏரியில் தனக்கு ஒரு பங்கும் கிடைக்காத கடைமடைக்காரர் ஏன் ஓடிவருவார்? கீழ்வாய்க்காலுக்குத் தலைமடைக்காரர் தரும் ஆள், தம் வயலின் பாதுகாப்புக்குத் தாமே செலுத்தும் தவணையென்று கொள்ளவேண்டும்.

வேலைகளை வரிசைப்படுத்துதல்

கூட்டத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வேலை சொல்லுவார்கள். எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதி, எல்லாம் செய்யப்படும் என்று தீர்மானித்தால், ஒன்றும் நடவாது. வரிசை வேண்டும். கீழ்க்கண்ட வரிசை பெரும்பாலான ஏரிகளுக்கு ஏற்றதென்பது நமது அபிப்பிராயம்.

முதலில் ஏரியின் உயிர்: அதாவது கரையும் கலிங்கலும். இவை பழுதுபட்டிருக்கையில் வேறெதைச் செய்தும் பயனில்லை. இரண்டாவது நீர் வரும் வழி: வரத்துக்கால் அடைபட்டிருக்கும்போது ஏரியை ஆழப்படுத்துவது, வருமானமில்லாதவன் பெரிய பத்தாயம் கட்டுவதற்கொப்பாகும். மூன்றாவது நீர் போகும் வழி: மதகும் வாய்க்கால்களும். நான்காவதே உள்வாயில் தூர் எடுப்பது. அனேக ஊர்களில் கண்ணுக்குப் பெரிதாய்த் தெரிகிற தூர் எடுக்கும் வேலை முதலிடம் பெற்று, மதகுப் பலகை கடைசியிடம் பெறுகிறது. வண்டலை வயலுக்கு எடுத்துச் செல்ல விரும்புவோர் அனுமதி பெற்று, கரையின் அடிவாரத்தை விட்டுத் தள்ளி எடுக்கவேண்டுமென்பதையும் கூட்டத்திலேயே கண்டித்துச் சொல்லிவிடவேண்டும்.

நீர் அதிகம் நிற்கட்டுமென்று கலிங்கலின்மேல் மண் மூட்டை அடுக்கி உயர்த்தும் யோசனை சில கூட்டங்களில் வரும். அதை அங்கேயே மறுத்துவிடவேண்டும். கலிங்கலின் உயரம் கரையின் பலத்தைக் கணக்கிட்டு வைத்தது. அதை உயர்த்துவது கரையை உடைக்க ஏற்பாடு செய்வதாகும்.

ஆக்கிரமிப்பு விஷயம் எழுந்தால் கூட்டம் கலையும் என்பதை அக்கிராசனர் முன்னதாகவே அறிந்திருக்கவேண்டும். அதைத் திட்டக் கூட்டத்தில் விவாதிக்கலாகாது, மறைக்கவுங்கூடாது. சர்வே எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு, 2007-ஆம் வருஷத்து ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டப்படி நடவடிக்கை எடுக்குமாறு இலாகாவுக்கு எழுதுவதென்று ஒரு தீர்மானம் செய்து, அடுத்த விஷயத்திற்குப் போய்விடவேண்டும்.

கணக்கிட்டுப் பகிர்தல்

வாய்க்காலைச் சுத்தம் செய்வதென்று தீர்மானித்தோம் என்று எழுதுவது தீர்மானமன்று, ஆசையே. எவ்வளவு, யார், எப்பொழுது என்ற மூன்றும் இருந்தால்தான் அது தீர்மானமாகும். உதாரணமாக, 120 ஏக்கர் ஆயக்கட்டுள்ள ஓர் ஏரியில் 600 மீட்டர் வாய்க்கால் தூர்ந்திருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். அகலம் ஒன்றரை மீட்டர். எடுக்கவேண்டிய மண்ணின் கனம் 20 சென்டிமீட்டர். மொத்தம் 180 கன மீட்டர். ஓராள் நாளொன்றுக்கு 2 கன மீட்டர் மண் வாரிக் கரையில் போடுவாரென்று கொண்டால், 90 ஆள் வேலை. 120 ஏக்கருக்கு 90 ஆள் என்றால் ஏக்கருக்கு முக்கால் ஆள். நாலு ஏக்கர் உடையவர் மூன்று ஆள் தரவேண்டும். இரண்டு ஏக்கர் உடையவர் ஒன்றரை ஆள். நாளொன்றுக்கு 15 பேர் இறங்கினால் ஆறே நாளில் வேலை முடிந்துவிடும்.

மலைபோற் தோன்றிய வேலை ஏக்கருக்கு முக்கால் ஆளாய்ச் சுருங்கியதை நேயர்கள் கவனிக்க வேண்டுகிறோம். பலர் மலைப்பது வேலையைக் கண்டல்ல, அளவு தெரியாமையாலேயே. ஆள் தரமுடியாதவர் அன்றைய கூலி வீதப்படி பணம் தரலாமென்றும், இயந்திரம் வைத்துச் செய்வதானால் வாடகையை ஏக்கர் வீதம் பகிர்வதென்றும் அப்போதே முடிவு செய்யவேண்டும். விதவைகள், உழைக்க இயலாத முதியோர் முதலானவர்களுக்குச் சலுகை தருவதானால், அதையும் கூட்டத்தில் வெளிப்படையாய்ச் சொல்லித் தருவதே முறை.

ஒருவர் பெயர், ஒரு தேதி

பலர் கூடினால் பாம்பு சாகாது என்பார்கள். பாம்பை அடிக்க எல்லாருக்கும் விருப்பமே. இன்னார் அடிக்கவேண்டுமென்று சொல்லாமையே அது தப்புவதற்குக் காரணம். ஆகையால் ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒருவர் பெயர் எழுதப்படவேண்டும். கமிட்டி பார்த்துக்கொள்ளும் என்று எழுதினால் ஒருவரும் பார்த்துக்கொள்ளமாட்டார். உதவிக்குப் பத்துப் பேர் இருக்கலாம். பதில் சொல்லவேண்டியவர் ஒருவரே. பெயருக்கு எதிரே வேலை முடியவேண்டிய தேதி எழுதவேண்டும். கோடையில் முடிப்பது என்று எழுதாமல், வைகாசி 15 என்று எழுதவேண்டும்.

தீர்மானப் புத்தகத்தைக் கூட்டம் முடிந்தபின் வீட்டில் போய் எழுதுகிற வழக்கம் கெட்டது. ஒவ்வொரு விஷயமும் முடிந்தவுடன் எழுதி, அப்பொழுதே உரக்கப் படித்து, எல்லாரும் ஒப்பியபின் அடுத்ததற்குச் செல்லவேண்டும். கடைசியில் வந்தவர் யாவரும் கையொப்பமிட வேண்டும். வெற்றுக் காகிதத்தில் கையொப்பம் வாங்கிப் பின்னர் எழுதுவது, கூட்டத்தின்மேல் ஊராருக்குள்ள நம்பிக்கையை ஒரே நாளிற் கொன்றுவிடும். தீர்மானங்களின் நகல் ஊராட்சி அலுவலகத்திலும் ஏரிக்கரையிலும் ஒட்டப்படவேண்டும்.

சில ஆட்சேபணைகள்

கூட்டம் போட்டால் கட்சிச் சண்டை வரும், ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிட்டால் வேலை சுலபமாய் முடியும் என்று சிலர் சொல்லுகிறார்கள். ஒப்பந்தக்காரர் கரைக்கு மண் போடலாம், சுவர் கட்டலாம். மழைக்காலத்தில் மதகைத் திறப்பதும் மூடுவதும், முறை வைத்து நீர் விடுவதும் அவர் வேலையல்ல. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்றபடி, கூட்டமில்லாத ஊரில் வேலையின் அளவையும் தரத்தையும் கேட்பார் இல்லை.

கிராம சபை இருக்கையில் தனிக் கூட்டம் எதற்கு என்று வேறு சிலர் கேட்கிறார்கள். கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய தேதிகளில் கூடுகிறது; 2022-ஆம் வருஷம் முதல் மார்ச்சு 22-ஆம் தேதியும் நவம்பர் 1-ஆம் தேதியும் சேர்க்கப்பட்டன. அங்கே விளக்கு, சாலை, குடிநீர், வீடு எனப் பல விஷயங்கள் வரும். மதகுப் பலகைக்கு இரண்டு நிமிஷமே கிடைக்கும். மாசியில் ஆயக்கட்டுக் கூட்டம் நடத்தி, அதன் தீர்மானங்களை உலக நீர் நாளான மார்ச்சு 22-ஆம் தேதிக் கிராம சபையில் வைத்து ஒப்புதல் பெறுவது இரண்டுக்கும் பொருந்தும் வழியாகும்.

வருகிற அதிகாரிகளுக்கு மாலையும் வரவேற்புரையும் அளித்து ஒரு மணி நேரம் கழிப்பதும் நம் கூட்டங்களின் ஒரு குறை. அதிகாரிகளுக்கு உரிய மரியாதை அவர்கள் முன்னே தெளிவான கணக்கை வைப்பதே. இரண்டு மணி நேரத்திற்கு மேற்பட்ட கூட்டத்தில் கடைசி விஷயங்கள் அரைத் தூக்கத்திலேயே நிறைவேறுகின்றன.

இரண்டாவது கூட்டம்

முதற் கூட்டத்தின் முடிவிலேயே இரண்டாவது கூட்டத்தின் தேதியைக் குறிக்கவேண்டும். ஆடி மாதக் கடைசியில் அதே மரத்தடியிற் கூடி, தீர்மானப் புத்தகத்தைத் திறந்து, பெயர் பெயராய் வாசித்து, முடிந்தது, முடியவில்லை என்று குறிக்கவேண்டும். வரவு செலவுக் கணக்கை அன்றே படிக்கவேண்டும். முடியாதவரை நிந்திக்க வேண்டியதில்லை. எஞ்சியதை மழைக்குள் முடிக்க வேறொருவரைத் துணை சேர்த்தால் போதும். இரண்டாவது கூட்டம் நடக்குமென்று தெரிந்தால்தான் முதற் கூட்டத்திற் கொடுத்த வாக்குக்கு மதிப்புண்டு. கணக்குக் காட்டாதவரை அடுத்த வருஷம் பொறுப்பில் வைக்கலாகாதென்ற உத்திரமேரூர் விதியை இங்கே கையாளுவது மிகவும் நன்று.

ஏரி நிரம்புவது மழையின் செயல்; அது நம் கையிலில்லை. நிரம்பிய நீர் கரையில் நிற்பதும், மதகில் அடங்குவதும், கடைமடை வயலுக்கு எட்டுவதும் நம் கையிலேயே இருக்கின்றன. அதற்கு வேண்டிய செலவு ஏக்கருக்கு முக்கால் ஆளும், வருஷத்தில் இரண்டு பொழுதும், ஒரு நோட்டுப் புத்தகமுமே. பட்டாதாரர்களும் கிராம அலுவலர்களும் வருகிற மாசி மாதத்திலேயே இம்முறைப்படி ஒரு கூட்டம் நடத்திப் பார்த்து, அதன் பலனை வரும் தை அறுவடையில் கடைமடைக் களத்திலே அளந்து காண்பார்களென்று நம்புகிறோம்.